மெடிகேர்: யாருக்கு உண்டு, யாருக்கு இலவசம், எப்போது சேர வேண்டும்?

அமெரிக்காவில் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரி, செலவினச் சட்டம், மெடிகேரில் சேரக்கூடிய வெளிநாட்டவர் யார் என்ற பட்டியலைச் சுருக்கிவிட்டது. அன்றிலிருந்து அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பழைய குழப்பமும் புதுப் பயமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பத்து வருடம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவருக்கு எச்-1பி வேலை விசாவிலேயே மெடிகேர் கிடைக்குமா? ஊரிலிருந்து கிரீன் கார்டில் வந்த அப்பா, அம்மாவுக்கு 65 தாண்டியும் ஏன் கிடைக்கவில்லை? முழு ஓய்வூதிய வயது 67 என்றால் மெடிகேருக்கும் அதுவரை பொறுத்திருக்கலாமா?

இவை எல்லாம் ஒரே கேள்விபோலத் தோன்றினாலும் உள்ளே மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன.

1. சேரத் தகுதி இருக்கிறதா?
2. தகுதி இருந்தால், இலவசமா, காசு கட்டியா?
3. எந்த மாதத்துக்குள் சேர வேண்டும்?

முதல் கேள்விக்கு வயது, உடல்நிலை, குடியேற்ற நிலை ஆகியவை பதில் சொல்லும். இரண்டாவதற்கு வேலை செய்து சேர்த்த கிரெடிட் பதில் சொல்லும். மூன்றாவதற்கு நாட்காட்டிதான். ஒரு கேள்வியின் பதிலை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பதால்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

மெடிகேர் என்பது என்ன, எது இல்லை

மெடிகேர் என்பது அமெரிக்க மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. 1965-இல் முதியோருக்காகத் தொடங்கியது. நீண்டகாலமாக வேலை செய்ய இயலாத நிலையில் உள்ளவர்களையும், சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர்களையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உள்ளே கொண்டுவந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் வேறு; அதை மாநிலங்கள் நடத்துகின்றன. மெடிகேருக்கு ஏழையாக இருக்கத் தேவையில்லை, பணக்காரராக இருந்தாலும் தடையில்லை.

பார்ட் ஏ மருத்துவமனையில் படுக்கை எடுத்துத் தங்கும் செலவுக்கு. பார்ட் பி டாக்டர் கட்டணம், பரிசோதனை, வெளிநோயாளி சிகிச்சைக்கு. பார்ட் டி மருந்துக் கடைச் செலவுக்கு. அதைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன. பார்ட் சி என்பது ஏ, பி இரண்டும் உள்ளவர்கள் விரும்பினால் தனியார் நிறுவனம் வழியாக அவற்றை மொத்தமாகப் பெறும் ஏற்பாடு. வழக்கமான பல் சிகிச்சை, மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, முதியோர் இல்லத்தில் நீண்டகாலம் தங்குவது ஆகியவை ஏ, பி இரண்டிலும் கிடையாது.

65 வயது வழி: கிரெடிட் கணக்கு

பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்க 40 கிரெடிட் வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி (அரசின் ஓய்வூதிய, இயலாமை உதவித் திட்டம்) வரி பிடிக்கப்பட்ட சம்பளத்தில் 2026-இல் ஒவ்வொரு 1,890 டாலருக்கும் ஒரு கிரெடிட். ஆண்டுக்கு அதிகபட்சம் நான்குதான். அதாவது 7,560 டாலர் சம்பாதித்தவருக்கும் இரண்டு லட்சம் டாலர் சம்பாதித்தவருக்கும் அந்த ஆண்டில் கிடைப்பது அதே நான்கு. எவ்வளவு சம்பாதித்தாலும் பத்து ஆண்டுக்குக் குறைவாக 40-ஐ எட்ட முடியாது. விட்டுவிட்டு வேலை செய்திருந்தாலும் பரவாயில்லை, பழைய கிரெடிட் அழிவதில்லை.

கிரெடிட்டில் சேராதவை என்று நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. எஃப்-1 மாணவராக இருந்தபோதும், படிப்பு முடித்து ஓபிடி என்ற தற்காலிகப் பயிற்சி வேலை அனுமதியில் இருந்தபோதும் வரிச் சட்டப்படி வெளிநாட்டவராகக் கருதப்பட்ட காலம். அந்தச் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் இருந்திருக்காது.
2. இந்தியாவில் வேலை பார்த்த ஆண்டுகள். பிஎஃப் எவ்வளவு கட்டியிருந்தாலும் இங்கே எண்ணிக்கைக்கு வராது. இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை.
3. மகன் அல்லது மகள் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்குப் பெற்றோர் வாங்கும் "சம்பளம்". பெற்றோர் தம் பிள்ளையின் வீட்டில் செய்யும் வீட்டு வேலை, சில விதிவிலக்குகள் தவிர, சோஷியல் செக்யூரிட்டி வரிக்குள் வருவதில்லை.

உங்களுக்கு 40 இல்லாவிட்டாலும் கணவர் அல்லது மனைவியின் கிரெடிட் உதவும். அவருக்கு 62 வயது ஆகியிருக்க வேண்டும், திருமணமாகிக் குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். விவாகரத்தானவர் என்றால், அந்தத் திருமணம் பத்து ஆண்டு நீடித்திருந்து இப்போது மறுமணம் ஆகாமல் இருந்தால் முன்னாள் துணையின் கணக்கிலும் கிடைக்கும். இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. மனைவி கணவரைவிட மூத்தவராக இருந்து, அவருக்கு 65 ஆகும்போது கணவருக்கு 60 மட்டுமே என்றால், கணவருக்கு 62 ஆகும்வரை இலவச பார்ட் ஏ கிடையாது. ஆனால் பார்ட் பி-யில் சேர வேண்டிய காலக்கெடு மனைவியின் 65-ஐ ஒட்டியே ஓடத் தொடங்கிவிடும்.

பார்ட் பி யாருக்கும் இலவசமில்லை. 2026-இல் மாதம் 202.90 டாலர். வருமானம் கூடினால் கட்டணமும் கூடும்: தனிநபருக்கு 1,09,000 டாலருக்கு மேல், சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,18,000 டாலருக்கு மேல். இதற்கு எடுத்துக்கொள்ளப்படுவது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக்கணக்கு. 2026 கட்டணத்துக்கு 2024 வருமானம். ஓய்வுபெற்று வருமானம் விழுந்துவிட்டவர்கள் எஸ்எஸ்ஏ-44 என்ற படிவத்தில் அதைச் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம். கேட்காவிட்டால் யாரும் தாமாகக் குறைக்க மாட்டார்கள்.

பிள்ளையின் கிரெடிட் பெற்றோருக்கு ஏன் உதவாது

பிள்ளை குடிமகனாகிப் பெற்றோருக்குக் கிரீன் கார்டு வாங்கித் தருகிறார். பிள்ளைக்கு இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆனாலும் கணக்கில் வருவது தன்னுடைய கிரெடிட் அல்லது வாழ்க்கைத்துணையின் கிரெடிட். உயிரோடு வேலை பார்க்கும் பிள்ளையின் கிரெடிட்டைப் பெற்றோர் பயன்படுத்த முடியாது.

அப்படிக் கிரெடிட் இல்லாத பெற்றோருக்கு மெடிகேர் மூடப்பட்டுவிடவில்லை. காசு கொடுத்து வாங்கலாம். நிபந்தனை: 65 வயது, கிரீன் கார்டு, விண்ணப்பிப்பதற்கு உடனடி முந்தைய ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் தொடர்ச்சியான வசிப்பு. குடியுரிமை பெற்று அமெரிக்காவில் வசிப்பவருக்கு இந்த ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. தம் கிரெடிட் அல்லது துணையின் கிரெடிட் வழியாக இலவச பார்ட் ஏ கிடைக்கும் கிரீன் கார்டுக்காரருக்கும் இல்லை.

"தொடர்ச்சியான வசிப்பு" என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கிரீன் கார்டு வந்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு என்று எண்ணிவிட்டு, இடையில் நீண்ட மாதங்கள் ஊரில் இருந்துவிட்டு வந்தால், கேள்வி எழும். பாஸ்போர்ட் முத்திரைகள், விமானச் சீட்டு, வரிக்கணக்கு, வங்கிக் கணக்கு, டாக்டர் ரசீது என்று இங்கே வாழ்ந்ததற்கான தடயங்களைத் தேதிவாரியாக வைத்திருப்பது நல்லது.

விலை எவ்வளவு? 2026 கணக்கு:

1. 30 கிரெடிட்டுக்குக் குறைவு என்றால் பார்ட் ஏ மாதம் 565 டாலர்.
2. 30 முதல் 39 வரை என்றால் 311 டாலர்.
3. பார்ட் ஏ-யை விலைக்கு வாங்க பார்ட் பி-யும் இருந்தாக வேண்டும். கிரெடிட்டே இல்லாத ஒருவருக்கு 565 + 202.90 = 767.90 டாலர். அப்பா, அம்மா இருவருக்கும் மாதம் 1,535.80. மருந்துத் திட்டம் தனி.
4. பார்ட் பி-யை மட்டும் வாங்கிக்கொள்ளவும் அனுமதி உண்டு. அப்படிச் செய்தால் பார்ட் சி-யில் சேர முடியாது. ஒருமுறை மருத்துவமனையில் படுத்தாலே பெரும்பணம் கையை விட்டுப் போகும். அதனால் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

உடலில் தெம்பு உள்ள பெற்றோருக்கு இன்னொரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 60 வயதில் வந்தவர் கடையிலோ பள்ளி உணவகத்திலோ முறையாக வரி பிடிக்கும் பகுதிநேர வேலை பார்த்து ஆண்டுக்கு 7,560 டாலர் ஈட்டினால், ஏழரை ஆண்டில் 30 கிரெடிட் சேர்ந்து பார்ட் ஏ கட்டணம் 311-க்கு இறங்கும். பத்து ஆண்டில் அது அவருக்கும் இலவசம், 65 ஆன துணைக்கும் இலவசம். இந்த ஒற்றைச் சம்பளம் இருவருக்குமாகச் சேர்த்து மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. (ஆண்டுதோறும் ஒரு கிரெடிட்டுக்கான தொகை கொஞ்சம் ஏறும், கணக்கைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.)

ஐந்து ஆண்டு முடியாத இடைக்காலத்தில் மாநில அல்லது மத்திய காப்பீட்டுச் சந்தையில் தனியார் திட்டம் வாங்கலாம். கிரீன் கார்டு கிடைத்து வந்தவுடன் 60 நாள் சிறப்புச் சேர்க்கைக் காலம் உண்டு. அதைத் தவறவிட்டால் ஆண்டு இறுதிப் பொதுச் சேர்க்கைவரை காத்திருக்க வேண்டும்.

2025 சட்டம் எதை மாற்றியது

முன்பு, சட்டப்படி அமெரிக்காவில் இருந்து 40 கிரெடிட் சேர்த்தவர் கிரீன் கார்டு இல்லாமலேயே 65-இல் இலவச பார்ட் ஏ பெற வழி இருந்தது. இப்போது தகுதி உள்ளவர்கள் நான்கு வகையினர் மட்டும்: குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள், கியூபா–ஹெய்ட்டியிலிருந்து சிறப்பு அனுமதியில் நுழைந்தவர்கள், அமெரிக்காவோடு தனி உடன்பாடு கொண்ட பசிபிக் தீவு நாடுகளிலிருந்து வந்து வாழ்பவர்கள்.

எனவே எச்-1பி விசாவிலேயே பத்துப் பதினைந்து ஆண்டாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு, கிரெடிட் எவ்வளவு இருந்தாலும், அட்டை கைக்கு வரும்வரை மெடிகேர் இல்லை. அகதிகளும் தஞ்சம் பெற்றவர்களும் இதேபோல வெளியே நிறுத்தப்பட்டார்கள்; அமெரிக்காவில் தஞ்சம் பெற்று இன்னும் கிரீன் கார்டு வாங்காத ஈழத் தமிழருக்கும் இது பொருந்தும். சட்டம் வரும்போதே மெடிகேரில் இருந்தவர்களுக்கு 18 மாத அவகாசம்: 2027 ஜனவரி 4-க்குள் காப்பீடு நின்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கத் தகுதி இருந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், இனித் தள்ளக் கூடாது. சேர்த்த கிரெடிட் அப்படியே இருக்கும். நிலை மாறிய பிறகு அது பயன்படும்.

65-க்கு முன்: வேலை செய்ய இயலாதவர்களுக்கான வழி

இந்த வழியில் மெடிகேருக்கு நேரடி விண்ணப்பம் கிடையாது. முதலில் சோஷியல் செக்யூரிட்டியின் இயலாமை உதவித்தொகையான எஸ்எஸ்டிஐ கிடைக்க வேண்டும். அதைத் தொடர்ந்து 24 மாதம் கழித்து மெடிகேர் தானாக வரும். எஸ்எஸ்ஐ என்ற பெயரில் இன்னொரு உதவி இருக்கிறது. அது வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கு. எஸ்எஸ்ஐ மட்டும் பெறுபவருக்கு அதனால் மெடிகேர் வராது, பெரும்பாலான மாநிலங்களில் மெடிகெய்ட் வரும்.

எஸ்எஸ்டிஐ-யின் அளவுகோல் கடுமையானது. நோயின் பெயர் போதாது. எந்த வேலையிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் (2026-இல் மாதம் 1,690 டாலர், பார்வையற்றவருக்கு 2,830) சம்பாதிக்க முடியாத நிலை இருக்க வேண்டும். அது குறைந்தது 12 மாதம் நீடிப்பதாகவோ உயிருக்கு முடிவாகக்கூடியதாகவோ இருக்க வேண்டும். கிரெடிட்டும் தேவை: பொதுவாக 40, அதில் 20 கடைசிப் பத்து ஆண்டுக்குள். வயது குறைந்தவர்களுக்கு இது தளரும். 24 வயதுக்குள் என்றால் முந்தைய மூன்று ஆண்டில் 6 போதும்.

காத்திருப்புக் கணக்கைத் தேதியோடு பார்ப்போம். ஒருவருக்கு 2026 ஜனவரி 10 அன்று பக்கவாதம் வந்து வேலை நின்றது என்று கொள்வோம்.

1. முதல் ஐந்து முழு மாதங்களுக்கு உதவித்தொகை இல்லை: பிப்ரவரி முதல் ஜூன் வரை.
2. 2026 ஜூலையிலிருந்து உதவித்தொகைக்கு உரிமை.
3. ஜூலை 2026 முதல் ஜூன் 2028 வரை 24 மாதம்.
4. 2028 ஜூலை 1 அன்று மெடிகேர்.

24 மாதம் எண்ணப்படுவது உரிமை தொடங்கிய மாதத்திலிருந்து; தீர்ப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து அல்ல. மேல்முறையீட்டில் ஒன்றரை ஆண்டு இழுத்தடித்துப் பிறகு கிடைத்தால், அதில் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்திருக்கும். அதனால் முதல் நிராகரிப்பில் மனம்விட்டுப் புதிதாக விண்ணப்பம் போடுவதைவிட, 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்து பழைய தேதியைக் காப்பாற்றிக்கொள்வது பெரும்பாலும் லாபம்.

மீண்டும் வேலைக்குப் போனால் மெடிகேர் உடனே பறிபோகும் என்ற பயமும் தேவையற்றது. ஒன்பது மாதச் சோதனைக் காலத்துக்குப் பிறகும், இயலாமை நீடிக்கும்வரை, குறைந்தது 93 மாதம் தொடரும்.

பிறவியிலேயே அல்லது 22 வயதுக்கு முன் இயலாமை ஏற்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வழி உண்டு. தாய் அல்லது தந்தை ஓய்வூதியமோ இயலாமை உதவித்தொகையோ பெறத் தொடங்கினால், அல்லது காலமானால், அவர்கள் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை கிடைக்கும். அதிலிருந்து 24 மாதத்தில் மெடிகேர். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோர் தங்கள் ஓய்வூதியத்தை எப்போது தொடங்குவது என்று முடிவுசெய்யும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

24 மாதக் காத்திருப்பு இல்லாத இரண்டு நோய்கள்

ஏ.எல்.எஸ் என்ற நரம்புச் செயலிழப்பு நோய்க்கு எஸ்எஸ்டிஐ உரிமை தொடங்கிய மாதத்திலேயே மெடிகேர். அந்த ஐந்து மாதக் காத்திருப்பையும் 2020 டிசம்பரில் வந்த சட்டம் நீக்கியது.

சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தால் எந்த வயதிலும் மெடிகேர் உண்டு. எஸ்எஸ்டிஐ தேவையில்லை. குறைவான கிரெடிட்டே போதும், துணையின் கணக்கிலோ பிள்ளைக்குப் பெற்றோர் கணக்கிலோ கூடக் கிடைக்கும். டயாலிசிஸ் தொடங்கிய நான்காவது மாதத்தின் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும். முதல் மூன்று மாதத்துக்குள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் பயிற்சியில் சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்தே கிடைக்கும். டயாலிசிஸ் நின்று 12 மாதத்திலும், மாற்றுச் சிறுநீரகம் வெற்றிகரமாகப் பொருத்தி 36 மாதத்திலும் இந்தத் தகுதி முடியும். நிறுவனக் காப்பீடு இருந்தால் முதல் 30 மாதம் அதுவே முதலில் பணம் கட்டும்.

எந்த மாதத்தில் சேர வேண்டும்

சோஷியல் செக்யூரிட்டி பணத்தை 65-க்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே வாங்கத் தொடங்கியவருக்கு ஏ, பி இரண்டும் தானாக வரும். மற்ற எல்லோரும் விண்ணப்பிக்க வேண்டும். 1960-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களின் முழு ஓய்வூதிய வயது 67 என்பது மெடிகேரை ஒட்டாது. மெடிகேருக்கு 65 மாறவேயில்லை.

முதல் வாய்ப்பு ஏழு மாதம் திறந்திருக்கும்: பிறந்த மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று. ஜூன் 15-இல் 65 என்றால் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை. முன்கூட்டியே சேர்ந்தால் ஜூன் 1 முதல் காப்பீடு. ஜூனிலோ பிறகோ சேர்ந்தால் சேர்ந்த அடுத்த மாதம் முதல். ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு எல்லாம் ஒரு மாதம் முன்னால் நகரும். ஐந்தாண்டு வசிப்பால் தகுதி பெறும் பெற்றோருக்கு இந்த ஏழு மாதம் அந்த ஐந்தாண்டு நிறைவை ஒட்டி அமையும். அது நிறைந்த மாதமே விண்ணப்பித்துவிடுவது பாதுகாப்பு.

வேலையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. நீங்களோ துணையோ இப்போது வேலை பார்ப்பதால் கிடைக்கும் நிறுவனக் காப்பீடு இருந்தால் பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். வேலை அல்லது காப்பீடு, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து எட்டு மாதம் அவகாசம். இதில் வழக்கமாகத் தவறுவது:

1. கோப்ரா. வேலை போன பிறகு சொந்தக் காசில் நீட்டிக்கும் கோப்ரா காப்பீடு "வேலையால் வரும் காப்பீடு" அல்ல. 66 வயதில் ஆட்குறைப்பில் வெளியேறி 18 மாதம் கோப்ராவில் இருந்துவிட்டு வருபவருக்கு எட்டு மாதம் எப்போதோ முடிந்திருக்கும். பிறகு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரையிலான பொதுச் சேர்க்கைதான், அபராதத்தோடு.
2. சிறு நிறுவனம். 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றால் 65-இல் மெடிகேர்தான் முதலில் பணம் கட்ட வேண்டியது. சேராமல் இருந்தால், மெடிகேர் கட்டியிருக்க வேண்டிய பங்கை நிறுவனக் காப்பீடு கைவிரித்துவிடலாம். இயலாமை வழியில் வந்தவருக்கு இந்த எல்லை 100 பேர்.
3. எச்எஸ்ஏ, அதாவது மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு. 65-க்குப் பின் சேர்ந்தால் இலவச பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டு வரும். அந்த மாதங்களில் எச்எஸ்ஏ-வில் போட்ட பணத்துக்கு வரித் தண்டம். சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

பார்ட் பி அபராதம் ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத் தாமதத்துக்கும் 10 விழுக்காடு, பார்ட் பி இருக்கும்வரை. மூன்று ஆண்டு நான்கு மாதம் தாமதித்தவருக்கு 30 விழுக்காடு: 202.90-க்குப் பதில் ஏறக்குறைய 263.80. ஆண்டுக்குச் சுமார் 730 டாலர் வீண். 65-க்கு முன் இயலாமை வழியில் விழுந்த அபராதம் மட்டும் 65-இல் அழிந்துவிடும். மருந்துத் திட்டத்துக்கும், இணையான மருந்துக் காப்பீடு இல்லாமல் 63 நாள் கடந்தால், மாதத்துக்கு ஒரு விழுக்காடு வீதம் தனி அபராதம் ஏறும்.

ஆறு மாதம் ஊரில், ஆறு மாதம் இங்கே

சென்னையிலோ மதுரையிலோ நடக்கும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது. அதனால் ஊரில் இருக்கும் காலத்துக்குப் பார்ட் பி-யை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று தோன்றும். நிறுத்திய மாதங்கள் அபராதக் கணக்கில் ஏறும். மறுபடி சேர ஜனவரிவரை காத்திருக்கவும் நேரும். நிரந்தரமாக ஊர் திரும்புபவருக்கு நிறுத்துவது நியாயம். போய்வந்து இருப்பவர் கட்டிக்கொண்டே இருப்பதுதான் நடைமுறை, ஊருக்குத் தனிக் காப்பீடும் வேண்டும்.

விண்ணப்பம்

விண்ணப்பத்தைப் பெறுவது மெடிகேர் அலுவலகம் அல்ல, சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம். 65 ஆகும்போது முதல்முறை சேர்பவர் இணையத்திலேயே முடிக்கலாம். முதலில் "மை சோஷியல் செக்யூரிட்டி" கணக்கைத் திறந்து வருமானப் பதிவைச் சரிபார்க்க வேண்டும். விடுபட்ட ஆண்டுக்குப் பழைய டபிள்யூ-2 (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) தாளைக் காட்டித் திருத்தலாம். துணையின் கிரெடிட்டில் கேட்பவர் திருமணச் சான்றிதழ் தர வேண்டும். இந்தியாவில் திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்ட பழைய தலைமுறையினர் இங்கேதான் திண்டாடுகிறார்கள், முன்கூட்டியே ஏற்பாடு செய்யட்டும். எட்டு மாத அவகாசத்தில் பார்ட் பி கேட்பவருக்கு சிஎம்எஸ்-40பி படிவமும், நிறுவனம் நிரப்பித் தரும் சிஎம்எஸ்-எல்564 படிவமும் தேவை. இரண்டாவதை வேலையை விடும் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். நிறுவனம் கைமாறிய பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.

அரசு அலுவலர் சொன்ன தவறான தகவலால் காலக்கெடு தவறியிருந்தால் அபராதத்தை நீக்கிச் சேர்த்துக்கொள்ளக் கேட்க விதி இருக்கிறது. அதற்கு, யாரிடம், எந்தத் தேதியில், என்ன கேட்டு, என்ன பதில் வந்தது என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவோ காப்பீட்டு முகவரோ தவறாகச் சொல்லியிருந்தால் இந்த விதி பொருந்தாது; ஆனால் அதற்கென 2023 முதல் தனிச் சிறப்புச் சேர்க்கைக் காலம் உண்டு, தவறான தகவல் தந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.